மச்சான் சேர்த்த பட்டை

மதுரையில் அந்த ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில், வேப்பமர நிழலாகப் பார்த்து ஜீப்பை நிறுத்தினேன். காவலுக்கு இருந்தவர் விசிலைக் கையில் பிடித்தபடி வந்து வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பின்னால் ஒன்றுக்குள் ஒன்றாகப் பித்தளை அண்டாக்கள். பக்கத்தில் இரும்பு அடுப்புகள், ஒரு கிரைண்டர், அன்னக்கூடைகள், சாக்கில் கட்டிய கரண்டிகள்.

"மண்டபம் அடுத்த தெருண்ணே. இது ஆஸ்பத்திரி" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் முன் சீட்டில் இருந்த மச்சான் பதில் சொல்லிவிட்டார்.

"தெரியும்யா. விசேசம் இங்கதான். மாப்பிள்ளை நான்தான்."

காவல்காரர் சிரித்துக்கொண்டே குனிந்து உள்ளே பார்த்தார். மச்சானின் இடுப்புக்கு இரண்டு பக்கமும் செருகியிருந்த தலையணைகளைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. வேறு எதுவும் கேட்காமல் போய், சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

இந்த நாளைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நான் ஓட்டிய வண்டிகளைப் பற்றி வாரம் ஒன்றாக ஒரு பத்திரிகையில் எழுதி வருவதில், பழுது, பிரேக், பயணிகளின் சண்டை என்று பொழுது நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போன வாரம் வந்த, மழையில் வைப்பர் நின்றுபோன டவுன் பஸ் கதையைப் படித்துவிட்டு என் அக்கா பஞ்சவர்ணம் போன் செய்தாள்.

"ஊரு வண்டியப் பூரா எழுதுறே. நம்ம வீட்டு வண்டிய எழுத மாட்டியா?" என்றாள்.

அவள் கேட்டால் நான் இல்லை என்று சொல்வதில்லை.

இடது பக்கம் போகிற வண்டி

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். சாக்கோட்டையில் பாத்திர வாடகைக் கடை வைத்திருந்தார். வயலும் உண்டு. ஆனால் வயலைவிட அண்டாவின் மேல்தான் அவருக்குப் பிரியம். பித்தளை அண்டாவைத் துலக்கிக் கவிழ்த்து, வெயிலில் அது மின்னுவதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார். ஒரே மகள், கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். மீதி நேரமெல்லாம் அவருக்கு இந்த ஜீப்தான்.

ஜீப் என்பது நாங்கள் சொல்வது. புதிதாக வந்த காலத்தில் அது பணக்காரர்களின் பெரிய வண்டி. காரைக்குடியில் ஒரு டாக்டர் வைத்திருந்து, அவரிடமிருந்து ஒரு காண்டிராக்டரிடம் போய், அவர் அடித்து நொறுக்கிய பிறகு மச்சான் கைக்கு வந்தது. வந்த அன்றே பின் சீட்டைக் கழற்றிவிட்டு அண்டாவை ஏற்றிவிட்டார்.

பாதி ஆயுசு டவுன் பஸ் ஓட்டியவன் நான். அந்த வண்டியை முதல்முறை ஓட்டியபோது எனக்கே வேர்த்துவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் கொஞ்ச தூரம் சும்மா சுற்றும், அதற்குப் பிறகுதான் சக்கரத்துக்குச் சேதி போகும். கையை விட்டால் இடது பக்கம் இழுக்கும். ஏன் மச்சான் என்றால், "கடை இடது பக்கந்தானே இருக்கு, அது வீட்டுக்குப் போகுது" என்பார்.

பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் டக் டக்கென்று சத்தம் கேட்கும். சக்கரத்தைத் தாங்குகிற பால் ஜாயிண்ட் தேய்ந்துபோயிருந்தது. மூன்றாவது கியர் நினைத்தால் தானாக வெளியே வந்துவிடும், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டேதான் ஓட்ட வேண்டும். ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி ஓடாது, கரும்புகைதான் ஓடும்.

பனிக்காலக் காலைகளில் இன்னும் கூத்து. டீசல் வருகிற குழாயில் எங்கிருந்தோ காற்று புகுந்துவிடும். பானெட்டைத் தூக்கி, கைப்பம்பை அமுக்கி அமுக்கி அந்தக் காற்றை வெளியேற்றினால்தான் இன்ஜின் பிடிக்கும். பிடித்ததும் ஒரு தெருவே தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை.

"இத பேரீச்சம்பழத்துக்குப் போட்டாக்கூட எடுத்துக்க மாட்டான் மச்சான்" என்பேன்.

"ஆடிக் கறக்குற மாட்ட ஆடித்தான் கறக்கணும் மாப்ளே. ஒனக்கு ஆடத் தெரியல" என்பார்.

அவருக்கு ஆடத் தெரிந்தது. எந்தக் கல்யாண வீட்டுக்கும் அந்த வண்டி ஒருநாள்கூட நேரம் தப்பிப் போனதில்லை.

ஒரே நடை

இங்கே அந்தப் பட்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

இந்த மாதிரி வண்டிகளில் பின் அச்சுக்கு மேலே, வளைத்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்கள். கமான் என்போம். மேடு பள்ளத்தில் அதுதான் வளைந்து கொடுக்கும். பாரம் அதிகம் ஏற்றுகிறவர்கள் அதில் இன்னொரு பட்டையைச் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். வண்டி எவ்வளவு சாமானையும் தாங்கும். ஆனால் வெறும் வண்டியாகப் போனால் கமான் வளையாது. கல்லின்மேல் உட்கார்ந்து போவதுபோல ஒவ்வொரு பள்ளமும் முதுகில் வந்து இடிக்கும்.

மச்சான் அப்படி ஒரு பட்டையைச் சேர்த்திருந்தார். அதற்குக் காரணம் அவர்கள் வீட்டு வழக்கம். கல்யாணச் சாமான் ஒரே நடையில் போய் இறங்க வேண்டும். மாட்டுவண்டியில் பாத்திரம் ஏற்றிப்போன அவருடைய அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

"ரெண்டு நடை போனா அந்த வீட்டுல ரெண்டாங் கல்யாணம் ஆகிப்போகும்" என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் மீற மாட்டார். மற்றவர்கள் லோடு ஆட்டோவில் மூன்று தடவை அடிக்கும்போது, இவர் கரண்டி முதல் கிரைண்டர் வரை ஒரே ஏற்றாக ஏற்றி, கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு கிளம்புவார். கிளம்பும் முன் பெரிய அண்டாவுக்குள் ஒரு பிடி அரிசி போடுவார். வெறும் பாத்திரமாக வாசலைத் தாண்டக் கூடாதாம்.

பின்பக்கத்து உதை

இடுப்பு வலி என்றார். அண்டா தூக்குகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் காதா வலிக்கும் என்று நாங்கள் எல்லோரும் இருந்துவிட்டோம். தைலம் தேய்த்தோம், பற்றுப் போட்டோம். மதுரையில் படம் எடுத்துப் பார்த்தபோது புற்று எலும்பு வரைக்கும் பரவியிருந்தது.

அதன் பிறகு வைத்தியத்துக்கு மதுரைக்கும் சாக்கோட்டைக்குமாக அலைச்சல். என்னிடம் ஒரு சின்னக் கார் உண்டு. அதில் அவரால் குனிந்து உட்கார முடியவில்லை. ஜீப் சீட் இடுப்பு உயரத்தில் இருப்பதால் அப்படியே சாய்ந்து ஏறிவிடுவார். ஆம்புலன்சுக்குச் சொல்கிறேன் என்றதற்கு, "அதுல போறவன் படுத்துக்கிட்டுப் போகணும். நான் ரோட்டப் பாத்துக்கிட்டுத்தான் வருவேன்" என்றுவிட்டார். ஆக, ஜீப். ஓட்டுவது நான், முன் சீட்டில் அவர், நடு சீட்டில் அக்கா.

காரைக்குடி, குன்றக்குடி, திருப்பத்தூர், மேலூர். அந்தச் சாலையில் எங்கே ஒட்டுப்போட்டிருக்கிறார்கள், எங்கே ஒட்டுப் பெயர்ந்திருக்கிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். தெரிந்து என்ன பிரயோசனம்? வேகத்தடை வந்தால் ஏறித்தானே ஆக வேண்டும். நடக்கிற வேகத்துக்குக் குறைத்துக்கொண்டு, "ஏறப்போகுது மச்சான், புடிச்சுக்கங்க" என்பேன். அவர் தலைக்கு மேலிருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார். முன் சக்கரம் ஏறி இறங்கும். அடுத்துப் பின் சக்கரம் ஏறும்போது வண்டி ஒரு உதை உதைக்கும். அவர் கத்த மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "முருகா" என்று மூச்சில் சொல்வார். நடு சீட்டில் அக்கா கண்ணை மூடிக்கொள்வது கண்ணாடியில் எனக்குத் தெரியும்.

பஸ் நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு எத்தனையோ பள்ளத்தில் இறக்கியிருக்கிறேன். பின்னாலிருந்து திட்டுவார்கள், காதில் வாங்காமல் போயிருக்கிறேன். இந்த ஒரு மனிதனின் மூச்சுச் சத்தத்தை என்னால் தாங்க முடியவில்லை.

கழனிவாசல் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பாண்டியிடம் வண்டியை விட்டேன். நல்ல பையன், வாய் மட்டும் ஓயாது. சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே அரசியல் பேசுவான். ஷாக் அப்சர்பர்களில் ஆயில் ஒழுகி வெறும் குழாயாகிவிட்டன என்றான், மாற்றினோம். புஷ்ஷெல்லாம் ரப்பர் தேய்ந்து இரும்போடு இரும்பு உரசுகிறது என்றான், மாற்றினோம். பால் ஜாயிண்ட் மாற்றி, சக்கரத்தை நேராக்கி, டயரில் காற்றையும் கொஞ்சம் குறைத்தோம். டக் டக் சத்தம் நின்றது. இடது பக்கம் இழுப்பதும் நின்றது.

அடுத்த பயணத்தில் முன்பக்கம் மெத்தென்று இறங்கியது. பின்பக்கம் பழையபடி கழுதைபோல உதைத்தது.

"அந்தக் கூடுதல் பட்டைய எடுக்காம நான் என்ன மாத்துனாலும் பிரயோசனம் இல்லண்ணே" என்றான் பாண்டி. "இது லோடு வண்டிக் கமான். ஆளு ஒக்காந்து போக ஆகாது."

சாயங்காலம் மச்சானிடம் போய்ச் சொன்னேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அத எடுத்துட்டா தை மாசம் சாமான எதுல ஏத்துவே? ஒந் தலையிலயா?" என்றார்.

"தை வரட்டும் மச்சான். மறுபடி மாட்டிக்கிருவோம். நட்டு போல்ட்டுதானே."

"மாட்ட மாட்டீக."

"ஏன் மாட்ட மாட்டோம்?"

"கழட்டுனா மாட்ட மாட்டீக. எனக்குத் தெரியும். வேலையப் பாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வலிக்கிறது என்று முனகுவதும் இந்த மனிதன்தான், வலி போக வழி சொன்னால் முறைப்பதும் இந்த மனிதன்தான். இரும்பைக் கட்டிக்கொண்டு அழுங்கள் என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். அக்கா குழாயடியில் குண்டான் துலக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் குழாயை மூடினாள்.

"அத எடுக்கச் சொல்லாதடா" என்றாள். "அது வண்டியில இருக்குற வரைக்கும், தை மாசம் நாம சாமான் ஏத்துவோம்னு நெனச்சுக்கிட்டு இருக்காக. அதையும் புடுங்கிட்டா அவுககிட்ட என்ன இருக்கு?"

அதன் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஈயம் பூசப் போன அண்டாக்கள்

வழி கண்டுபிடித்தது அக்காதான்.

ஒரு தடவை மதுரையிலிருந்து திரும்பும்போது, திருப்பத்தூரில் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் புது அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தோம். குன்றக்குடி தாண்டும்போது பார்க்கிறேன், மச்சான் தூங்குகிறார். வண்டியில் அவர் தூங்கி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. மூட்டையைக் கொல்லையில் இறக்கும்போது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"இன்னைக்கு அவுக முனங்கவே இல்ல, கவனிச்சியா? பாரம் இருந்தா வண்டி அமந்து போகுதுடா."

கவனித்திருந்தேன். பாரத்துக்காகக் கட்டிய கமான், பாரம் ஏறியதும்தான் வளைந்து கொடுத்திருக்கிறது. பஸ்ஸிலும் காலியாகப் போகும் நடையில்தான் குலுக்கல் அதிகம். பாதி ஆயுசு பார்த்ததுதான், இந்த இடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

மண் மூட்டை ஏற்றலாம் என்றேன். "மண்ண ஏத்துனா எதுக்குன்னு கேப்பாக. நம்ம சாமானயே ஏத்துவோம்" என்றாள்.

மறுமுறை கிளம்பும்போது அவரிடம் அவளே பேச்சைத் தொடங்கினாள்.

"அண்டாவெல்லாம் ஈயம் போயிக் கெடக்குங்க. மதுரையில நல்லாப் பூசுறாகளாம். போறதோட போறதா ஏத்திக்கிட்டுப் போயிருவமா?"

ஆடு மேய்த்த மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பெண் பார்த்த மாதிரியும் ஆச்சு என்று நானும் ஒத்து ஊதினேன். மச்சான் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார்.

"காரைக்குடியில ஈயம் பூச ஆளு இல்லாமப் போச்சா?" என்றார்.

அக்கா அண்டா மூடிகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

"சரி, ஏத்துங்க. அடுக்கத் தெரியுமா ஒங்களுக்கு? என்னய வெளிய ஒக்கார வையி."

வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தக் குரல் கேட்டது. "கிரைண்டர அங்குட்டுத் தள்ளு, அச்சுக்கு மேல வரட்டும். அடுப்ப இங்குட்டு வையி. மூடிய சாக்குல சுத்துடி, இல்லாட்டி மதுர வரைக்கும் மேளம் அடிச்சுக்கிட்டே வரும்." பக்கத்து வீட்டுக்காரர் ஒரு கை பிடித்தார். அண்டாவின் ஒரு காதை நான் பிடிக்க, மறு காதை அக்கா பிடித்துத் தூக்கினாள். அவளுக்கும் வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கடைசியில் மச்சான் கையை நீட்டினார். அக்கா ஒரு பிடி அரிசி கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் பெரிய அண்டாவுக்குள் போட்டுவிட்டுத்தான் வண்டியில் ஏறினார்.

வண்டி அமர்ந்து போனது. வேகத்தடையில் பின்பக்கம் ஒரு தடவை பணிந்து எழுந்தது, அவ்வளவுதான்.

"இப்பத்தான் மாப்ளே வண்டி வண்டியா இருக்கு" என்றார். கைப்பிடியைக்கூட அவர் பிடிக்கவில்லை.

அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் அண்டாக்கள் எங்களோடு மதுரைக்கு வந்தன, ஈயம் பூசாமலே திரும்பின. அவர் ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை. காரைக்குடியில் டீக்கு நிறுத்தும்போது தெரிந்தவர்கள் வந்து, "என்னண்ணே, மதுரையில ஆர்டரா?" என்பார்கள். "ஆமாப்பா, விடமாட்டேங்குறாங்க" என்பார். ஆள் பாதியாகிவிட்டிருந்தார். ஆனால் அப்படிச் சொல்லும்போது குரல் பழையபடி இருக்கும்.

அடுத்த தேதி

வேப்பமர நிழலுக்கு வருகிறேன்.

அன்றைக்கு அவரைப் பார்த்து முடித்ததும், வார்டு ஊழியர் ஒருவர் அவரை நாற்காலியில் வண்டிக்கு அழைத்துப் போனார். என்னையும் அக்காவையும் டாக்டர் இருக்கச் சொன்னார். சின்ன வயதுப் பெண். எங்களைப் பார்த்துப் பேச அவருக்கே கஷ்டமாக இருந்தது.

"இனிமே இவ்வளவு தூரம் அலைய வைக்க வேண்டாம்மா. வீட்டுலயே வலி இல்லாமப் பாத்துக்குவோம். மாத்திரை எழுதித் தர்றேன். அவர் என்ன கேக்குறாரோ சாப்பிடக் குடுங்க."

அக்கா தலையை ஆட்டினாள். வெளியே வந்து குழாயில் முகத்தைக் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். ஏறியதும் பின்பக்கம் திரும்பி, நன்றாக அடுக்கியிருந்த மூடிகளை எடுத்து மறுபடி அடுக்கத் தொடங்கினாள்.

வண்டியை எடுத்தேன்.

"அடுத்து எப்ப வரச் சொன்னாக?" என்றார் மச்சான்.

"போன் பண்ணிச் சொல்றோம்னாக."

எப்போதும் தேதி எழுதிய சீட்டை வாங்கி அவர்தான் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். அன்றைக்குக் கையை நீட்டவில்லை. மேலூர் வந்தது, திருப்பத்தூர் வந்தது. சாலையைப் பார்த்தபடியே இருந்தார். மூன்றாவது கியரைப் பிடித்திருந்த என் கையின்மேல் ஒரு தடவை அவர் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

குன்றக்குடி மலை தெரிந்ததும், "ஓரமா நிறுத்து" என்றார். வழக்கமாகப் போகிற போக்கிலேயே தலைக்கு மேல் கையைத் தூக்கிக் கும்பிடுவார். அன்று கை நெஞ்சு வரைதான் வந்தது. கும்பிட்டு முடித்து, மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நேரா பாண்டி பட்டறைக்கு விடு."

"எதுக்கு மச்சான்? இப்ப சத்தம் ஒண்ணும் இல்லையே."

"கமான்ல அந்தப் பட்டையக் கழட்டிருவோம்."

நடு சீட்டில் மூடி அடுக்குகிற சத்தம் நின்றுவிட்டது. கெடக்கட்டும் மச்சான், தை மாசம் வேணும்ல என்று சொல்லிப் பார்த்தேன். நான் சொன்ன பொய்யை அவர் காதில் வாங்கவில்லை.

"ஒங்க அக்கா ஒவ்வொரு நடையும் இம்புட்டுச் சாமானத் தூக்கி ஏத்தி எறக்குறா" என்றார். "அவளுக்கும் இடுப்புத்தானேடா."

பின்னால் அக்கா அழுதாள். அவருக்கு நோய் வந்த நாளிலிருந்து எங்கள் முன்னால் அவள் அழுதது அன்றைக்குத்தான்.

பட்டறையில்

பாண்டி அன்று அரசியல் பேசவில்லை. சாமானையெல்லாம் இறக்கிப் பட்டறைக்குள் ஓரமாக வைத்தோம். ஒரு ஸ்டூலைப் போட்டு மச்சானை உட்கார வைத்து, விழாமல் நான் பின்னால் நின்று பிடித்துக்கொண்டேன். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, துருப்பிடித்த போல்ட்டுக்கு எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி எடுத்தான். ஒரு பக்கம் முடித்து, மறுபக்கம் முடித்தான். கழற்றிய பட்டைகள் தரையில் கிடந்தன.

"ஒண்ண இங்கன கொண்டா" என்றார் மச்சான்.

பாண்டி துணியால் துடைத்துக் கொண்டுவந்து அவர் முன்னால் பிடித்தான். அவர் அதன் முதுகில் விரலால் தடவினார். பட்டைக்குப் பட்டை உரசிய இடம் மட்டும் பளபளவென்று இருந்தது.

"நல்ல இரும்பு" என்றார். "எடைக்குப் போட்டுறாத. யாருக்காச்சும் ஆகும்."

சாமானை மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, வெறும் வண்டியில் சாக்கோட்டைக்குக் கிளம்பினோம். என்ன சொல்ல? எத்தனையோ வண்டி ஓட்டியிருக்கிறேன். அவ்வளவு மெத்தென்று ஒரு வண்டி போய் நான் பார்த்ததில்லை. ஊர் எல்லையில் வேகத்தடை வந்தது. பழக்கத்தில் நடக்கிற வேகத்துக்குக் குறைத்து, "ஏறப்போகுது மச்சான், புடிச்சுக்கங்க" என்றேன். தொட்டில்போல ஏறி இறங்கியது.

அவர் கண்ணை மூடியிருந்தார். வண்டி இப்படிப் போக வேண்டும் என்றுதான் நான் மாதக்கணக்கில் ஆசைப்பட்டேன். அப்படிப் போனபோது, ஒரு தடவை பழையபடி உதைக்காதா என்றிருந்தது.

ரெண்டு நடை

தை பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். வீட்டில்தான், பகல் நேரத்தில், அக்கா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோது.

தையில் முகூர்த்தங்கள் வந்தன. தாலி இறக்கியவள் கையால் கொடுக்கிற சாமானில் கல்யாணச் சமையலா என்று சிலர் வேறு கடைக்குப் போனார்கள். பழகிய ஒரு குடும்பம் மட்டும், "அவுக அண்டாவுலதான் எங்க வீட்டுல எல்லாக் கல்யாணமும் நடந்துச்சு, இதுவும் அதுலதான்" என்று வந்து நின்றது. அக்கா சரி என்றாள். மகள் கோயம்புத்தூருக்குக் கூப்பிட்டிருந்தாள், கடையை விட்டுவிட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள்.

ஏற்றினோம். கிரைண்டர், அடுப்பு, அண்டா. பாதிச் சாமான் வெளியே கிடக்கும்போதே வண்டியின் பின்பக்கம் தாழ்ந்து, டயர் மேலே உரச ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, சாமானோட எடுத்தாந்த அந்தப் பட்டைக நம்ம கொட்டகையிலதான் கெடக்கு. பாண்டிகிட்ட விட்டா காலையிலேயே மாட்டிக் குடுத்துருவான்" என்றேன்.

அவள் கொட்டகைப் பக்கம் பார்த்தாள். கழற்றினால் மாட்ட மாட்டீர்கள் என்று அவர் சொன்னது என் நினைவுக்கு வந்தது. அவளுக்கும் வந்திருக்க வேண்டும்.

"வேணாம்டா" என்றாள். "அவுக எனக்காகக் கழட்டுனது. கெடக்கட்டும்."

"மிச்சச் சாமான்?"

"ரெண்டு நடையா அடிப்போம்."

"ரெண்டு நடை ஆகாதும்பாரேக்கா."

அவள் ஒரு பிடி அரிசி எடுத்துவந்து, வண்டியிலிருந்த பெரிய அண்டாவுக்குள் போட்டாள்.

"கல்யாணச் சாமான் இந்த நடையில போயிருச்சு. அடுத்த நடையில போறது வெறும் கரண்டியும் கூடையுந்தான். கேட்டா அப்படிச் சொல்லு" என்றாள்.

இப்போது எந்தக் கல்யாணத்துக்கும் எங்களுக்கு இரண்டு நடைதான். முதல் நடையை இறக்கிவிட்டு, அடுத்த நடைக்கு ஆளில்லாத வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவேன். ஊர் எல்லையில் வேகத்தடை வரும். "ஏறப்போகுது மச்சான், புடிச்சுக்கங்க" என்று வாய் தானாகச் சொல்கிறது. வண்டி கொஞ்சமும் குலுங்காமல் ஏறி இறங்குகிறது.